எவர் முகத்தில் அளந்த துல்லியம்?

பள்ளி வாயிலில் நிற்கும் காவலர்க்குப் பெரும் படிப்பு வேண்டுவதில்லை. பிள்ளைகளின் முகங்களை அறிந்திருந்தால் போதும். எவன் தாத்தாவின் மோட்டார் சைக்கிளில் வருகிறான், எவள் பள்ளி வேனிலிருந்து கடைசியாக இறங்குகிறாள் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். தைப்பூசம் முடிந்த மறுநாள் மொட்டைத் தலையும் பூசிய சந்தனமுமாய் ஒரு சிறுவன் வந்து நின்றாலும் அவர் தயங்குவதில்லை. சிரித்துக்கொண்டே உள்ளே விடுகிறார். அந்தக் காவலரின் இடத்தில் இன்று ஒரு கண்ணாடித் திரையைப் பொருத்த முனைகின்றனர். அலுவலகங்களில் அது வந்துவிட்டது. அடுக்குமாடி வீடுகளின் நுழைவாயில்களில் வந்துவிட்டது. பள்ளி வாயில்கள் மட்டும் அதற்கு விலக்காக இருக்கும் என்று எண்ணுவது பேதைமை.

விற்பனைக்கு வருவோர் கையில் ஒரு வண்ணத்தாள் இருக்கும். அதில் 99 விழுக்காட்டிற்கும் மேற்பட்ட துல்லியம் என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கும். அதைக் கண்டவுடன் கூட்டத்தில் அமர்ந்திருப்போர் தலையசைக்கின்றனர். தேர்வில் 99 புள்ளி எடுத்த மாணவனைக் கேள்வி கேட்பார் உண்டா? ஆனால் ஆசிரியத் தொழில் புரிவோர் கேட்டே ஆகவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. எந்தத் தேர்வில் எடுத்த 99? வினாத்தாளை அமைத்தவர் யார்? அந்தத் தேர்வு எவர் முகத்தை வைத்து நடத்தப்பட்டது? இக்கேள்விக்கு விடை பெறாமல் இயந்திரத்தின் துல்லியத்தைப் பற்றிப் பேசுவது வீண்பேச்சே ஆகும்.

முகம் அறியும் பொறியில் மாயம் ஏதுமில்லை. அஃது ஓர் அளவுகோல். 1960களின் நடுவில் அமெரிக்காவில் வூட்ரோ பிளெட்சோ என்னும் கணித அறிஞர் இம்முயற்சியைத் தொடங்கினார். படத்தின்மேல் கண், மூக்கு, வாய் ஆகியவற்றின் இடங்களை மனிதர் ஒருவர் குறித்துக் கொடுப்பார். அவற்றிற்கிடையேயான தொலைவுகளைக் கணினி ஒப்பிடும். 1973-இல் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் தாக்கியோ கனாடே அக்குறிக்கும் வேலையையும் பொறியே செய்யுமாறு அமைத்துக் காட்டினார். 1991-இல் டர்க், பெண்ட்லாண்டு என்னும் இருவர் வேறொரு வழியை முன்வைத்தனர். பல முகங்களைக் கலந்து ஒரு பொதுமுகத்தை உருவாக்கி, ஒவ்வொரு முகமும் அதிலிருந்து எவ்வெவ்வாறு விலகுகிறது என்று அளந்தனர். இன்றைய பொறிகளோ எவரும் கோடு குறித்துக் கொடுக்காமல், இலட்சக்கணக்கான படங்களைப் பார்த்துப் பார்த்துத் தாமே வேறுபாடுகளைக் கற்றுக்கொள்கின்றன. வழிகள் மாறினும் ஒன்று மாறவில்லை. எந்த முகங்களைக் காட்டி வளர்த்தார்களோ அந்த முகங்களையே பொறி நன்கு பிரித்தறியும். குறைவாகக் காட்டிய முகங்கள் எல்லாம் அதற்கு ஒன்றுபோலவே தோன்றும்.

இப்பொறி "இவன் இன்னான்" என்று அறுதியிட்டுச் சொல்வதில்லை என்பதையும் பலர் அறியார். முன்னரே பதிந்த படத்திற்கும் இப்போது எடுத்த படத்திற்கும் எவ்வளவு ஒப்புமை என்று அது ஒரு புள்ளி இடுகிறது; அவ்வளவே. அப்புள்ளி ஒரு குறிப்பிட்ட எல்லையைத் தாண்டினால் கதவு திறக்கும், தாண்டாவிட்டால் திறவாது. அந்த எல்லைதான் தேர்ச்சிப் புள்ளி. அதனைக் கூட்டினால் அயலார் உள்ளே வருவது குறையும். உரியவர் வெளியே நிற்பது பெருகும். குறைத்தால் உரியவர் எளிதில் நுழைவர். அயலாரும் கூடவே நுழைவர். இரண்டு பிழைகளும் ஒரே துலாக்கோலின் இரு தட்டுகள். இரண்டையும் கலந்து ஒற்றை எண்ணாக்கி விழுக்காடு சொல்வது, கணக்கில் தவறியவனையும் தமிழில் தவறியவனையும் ஒன்றாகக் கூட்டி, வகுப்பின் தேர்ச்சி நன்று என்று மேலிடத்திற்கு எழுதியனுப்புவது போன்றது. தேர்ச்சிப் புள்ளியை முடிவு செய்தவர் யார், எதை எண்ணி முடிவு செய்தார் என்று வாயிலைத் திறக்கும் பள்ளிக்கே தெரிவதில்லை. விற்பவர் ஆலையிலேயே அதனை வைத்து அனுப்பிவிடுகிறார்.

இனி, அந்த 99 பிறந்த இடத்தைப் பார்ப்போம். 2007-இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தார் 5,749 மனிதர்களின் 13,233 படங்களைத் திரட்டி ஒரு சோதனைத் தொகுப்பாக வெளியிட்டனர். செய்தித்தாள்களில் வரும் புகழ்பெற்றோரின் படங்கள் அவை. பல ஆண்டுகள் உலகின் ஆராய்ச்சிக் கூடங்கள் தம் பொறிகளை இத்தொகுப்பைக் கொண்டே மதிப்பிட்டன. 2014-இல் பேஸ்புக் நிறுவனத்தின் பொறி இதில் 97.35 விழுக்காடு பெற்றது. அடுத்த ஆண்டு கூகுளின் பொறி 99.63 பெற்றது. உலகமே வியந்தது. ஆனால் அத்தொகுப்பில் ஏறத்தாழ 77 விழுக்காட்டினர் ஆண்கள். ஏறத்தாழ 83 விழுக்காட்டினர் வெள்ளையர். நகரத்துப் பெரும்பள்ளியின் வினாத்தாளில் அந்தப் பள்ளியின் மாணவர் சிறந்த புள்ளி பெற்றனர். அதைக் காட்டித் தோட்டப் பள்ளியின் மாணவரும் தேறிவிட்டனர் என்று அறிவிப்பதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

இவ்வையம் வெறும் கற்பனையன்று. 2018-இல் ஜாய் புவோலாம்வினி, டிம்னிட் கெப்ரு என்னும் இரு பெண் ஆய்வாளர்கள், ஆப்பிரிக்க நாடுகள் மூன்றிலும் ஐரோப்பிய நாடுகள் மூன்றிலும் உள்ள நாடாளுமன்ற உறுப்பினர்களின் படங்களைத் திரட்டி, முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று கூறும் மூன்று வணிகப் பொறிகளைச் சோதித்தனர். நிறம் வெளுத்த ஆடவரிடத்தில் ஒரு பொறியின் பிழை 0.3 விழுக்காடே. நிறம் கறுத்த மகளிரிடத்தில் அதே பொறியின் பிழை 34.7 விழுக்காடு. இது பால் அறியும் சோதனை; ஆளை அறியும் சோதனை அன்று என்பதை மறைத்தல் நேர்மையாகாது. எனினும் மறு ஆண்டே ஆளை அறியும் சோதனையின் முடிவும் வந்தது. அமெரிக்காவின் தேசியத் தர, தொழில்நுட்பக் கழகம் 2019 டிசம்பரில் ஓர் அறிக்கை வெளியிட்டது. 99 நிறுவனத்தார் ஆக்கிய 189 கணிப்பு முறைகளை, 84 இலட்சத்திற்கும் மேற்பட்ட மனிதர்களின் 1 கோடியே 82 இலட்சத்திற்கும் மேற்பட்ட படங்களைக் கொண்டு அக்கழகம் சோதித்திருந்தது. ஒருவரை இன்னொருவராகக் கொள்ளும் பிழை, பல முறைகளில் ஆசியர், கறுப்பினத்தவர் முகங்களில் வெள்ளையர் முகங்களைக் காட்டிலும் 10 முதல் 100 மடங்கு வரை மிகுந்திருந்தது. ஆடவரைவிட மகளிரிடத்தில் மிகுதி. முதியோரிடத்தும் சிறுவரிடத்தும் மிகுதி.

அவ்வறிக்கையில் இன்னொரு செய்தியும் உண்டு. சீன நாட்டில் உருவான பல முறைகள் கிழக்காசிய முகங்களில் அப்பிழையை மிகுதியாகச் செய்யவில்லை. பார்த்துப் பழகிய முகங்களை அவை பிரித்தறிந்தன. கறுத்த முகத்திலோ ஆசிய முகத்திலோ குறை ஏதுமில்லை, கற்பித்தவர் காட்டிய பாடத்தில்தான் குறை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

ஆயினும் பள்ளி வாயிலுக்கு உரிய பெருங்கேடு இதற்கும் அப்பால் உள்ளது. விற்போர் வாய் திறவாத இடம் அதுதான். "பத்தாயிரத்தில் ஒருமுறைதான் ஒருவரை மற்றவராக எடுத்துக்கொள்ளும்" என்று அவர்கள் சொல்லும் கணக்கு, எவரையோ எவருடனோ ஒப்பிட்டுப் பெற்ற கணக்கு. முதியவரைச் சிறுமியோடும், நார்வே நாட்டவரைக் கொரிய நாட்டவரோடும் ஒப்பிட்டால் எந்தப் பொறிதான் தவறும்? பள்ளி வாயிலில் நிற்போர் யார்? ஒரே வயதினர், ஒரே சமூகத்தினர், ஒரே சீருடையினர். அண்ணனும் தம்பியும் அடுத்தடுத்த வகுப்பில் இருப்பர், சிற்றப்பன் மகனும் பெரியப்பன் மகனும் ஒரே வகுப்பில் இருப்பர், இரட்டையரும் இருப்பர். வயதும் பாலும் பிறந்த நாடும் ஒத்தவர்களை மட்டும் தம்முள் ஒப்பிட்டால் பிழை பன்மடங்கு உயர்கிறது என்பது அளந்து கண்ட உண்மை. ஐபோனில் முகம் காட்டித் திறக்கும் வசதியை 2017-இல் கொணர்ந்த ஆப்பிள் நிறுவனமே, பத்து இலட்சத்தில் ஒன்று என்னும் தன் கணக்கு இரட்டையர்க்கும் ஒத்த முகமுடைய உடன்பிறந்தார்க்கும் 13 வயது நிரம்பாத பிள்ளைகட்கும் பொருந்தாது என்று எழுதிவைத்தது. நம் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளில் 13 வயதைத் தாண்டியவர் எவர்?

கணக்குப் போட்டே பார்க்கலாம். பள்ளியில் 500 பிள்ளைகள். பதிவு செய்யாத ஒருவன் வாயிலில் முகம் காட்டுகிறான். பொறி அவனை 500 படங்களோடும் ஒப்பிடுகிறது. ஓர் ஒப்பீட்டில் தவறும் வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்றே ஆயினும், 500 ஒப்பீடுகளில் ஏதேனும் ஒன்று தவறும் வாய்ப்பு ஏறத்தாழ நூற்றுக்கு ஐந்து. முகங்கள் ஒத்திருத்தலால் அப்பிழை பத்து மடங்கு கூடி ஆயிரத்தில் ஒன்றானால், அயலான் உள்ளே நுழையும் வாய்ப்பு நூற்றுக்கு நாற்பதை நெருங்கும். இதற்குக் காவல் என்று பெயர்!

மறுபக்கத்தையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். உரிய பிள்ளையை மறுக்கும் பிழை நூற்றில் ஒன்று என்றே வைத்துக்கொள்வோம். காலைதோறும் ஐந்து பிள்ளைகள் வெளியே நிற்பர். அந்த ஐவரும் நாள்தோறும் மாறி மாறி வருவார்களாயின் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் இப்பிழை மழைபோல் எல்லார்மேலும் பெய்வதில்லை. நிறம் மிகக் கறுத்த பிள்ளை, மூக்குக் கண்ணாடி அணிந்த பிள்ளை, பதிவு செய்த நாளில் தலை குனிந்திருந்த பிள்ளை எனத் திரும்பத் திரும்பச் சிலர் மேலேயே விழுகிறது. ஏழு வயதுக் குழந்தை ஒன்று, பின்னால் வரிசை நீண்டு நிற்க, "அடையாளம் தெரியவில்லை" என்று சிவப்பு விளக்கு எரியும் திரையின் முன் நாள்தோறும் நிற்பதைக் கற்பனை செய்துகொள்ளலாம். அதைக் கண்ட ஆசிரியர் என்ன சொல்வார்? "நேராக நில், முகத்தைத் துடைத்துக்கொள்" என்பார். பொறியின் பிழை அக்கணமே பிள்ளையின் பிழையாகிவிடுகிறது.

ஒப்புமை ஒன்றையே சான்றாகக் கொண்டு தீர்ப்பளிப்பதன் கேட்டைத் தமிழர்க்கு எவரும் புதிதாகக் கற்பிக்க வேண்டுவதில்லை. மதுரையில் கோவலன் வெட்டுண்டது எதனால்? அவன் விற்க வந்த சிலம்பும் பாண்டிமாதேவியின் சிலம்பும் புறத்தே ஒத்திருந்தன. பொற்கொல்லன் ஒப்புமை சொன்னான், அரசன் ஆராயவில்லை. ஒன்றனுள் முத்தும் மற்றொன்றனுள் மாணிக்கமும் இருந்தன என்பது உடைத்துக் காட்டிய பின்னரே தெரிந்தது. இளங்கோவடிகளின் காப்பியத்தை ஆண்டுதோறும் வகுப்பில் விரித்துரைக்கும் நாமே, ஒப்புமைப் புள்ளி ஒன்றை நம்பி வாயிலை அடைக்கலாமா?

படக்கருவியைப் பற்றியும் சிறிது சொல்லவேண்டும். பழைய வகுப்புப் படங்களை எடுத்துப் பார்ப்பவர்க்கு இது விளங்கும். நிறம் கறுத்த பிள்ளைகளின் கண்ணும் பல்லும் மட்டுமே தெரியும். மூக்கும் கன்னமும் இருளில் கரைந்துபோயிருக்கும். படச்சுருள் உலகில் வண்ணம் சரிபார்க்க ஓர் அட்டை வழங்கிவந்தது. ஷெர்லி அட்டை என்பர். அதில் நெடுங்காலம் இருந்தது ஒரு வெள்ளைப் பெண்ணின் படம். அவள் முகம் நன்றாக விழுந்தால் வண்ணம் சரி என்பது முடிவு. கறுத்த சாக்கொலேட்டின் நிறமும் மரத்தளவாடத்தின் நிறமும் படத்தில் சரிவர விழவில்லை என்று விளம்பரம் செய்வோர் முறையிட்டதும் பின்னர்ச் சுருள் திருந்தியதற்கு ஒரு காரணம் என்பர். மனிதர் பட்ட குறைக்கு இல்லாத மதிப்புச் சாக்கொலேட்டுக்கு இருந்திருக்கிறது! இன்றைய எண்முறைப் படக்கருவிகள் அவற்றினும் மேலானவை. ஆயினும் பின்னால் வெயில் பட்டால் அவையும் முகத்தை இருட்டாக்கிவிடுகின்றன. கிழக்குப் பார்த்த வாயிலில், காலை ஏழு மணி வெயிலைப் பின்னால் வைத்துக்கொண்டு நிற்கும் பிள்ளையின் முகம் எந்தக் கணிப்பு முறைக்கும் தெளிவாகத் தெரியப் போவதில்லை.

துல்லியத்தை உயர்த்த வழியே இல்லையோ எனின், உண்டு. அவற்றுள் பல செலவில்லாதவை. விற்போர் அவற்றைச் சொல்லாமைக்கும் அதுவே காரணமாகலாம். முதலாவது, அட்டையும் முகமும் சேர்ந்து இயங்கச் செய்தல். பிள்ளை தன் அட்டையைக் காட்டினால், பொறி 500 படங்களோடு ஒப்பிட வேண்டுவதில்லை. அட்டைக்குரிய ஒரே படத்தோடு ஒப்பிட்டால் போதும். நூற்றுக்கு ஐந்தாகிய வாய்ப்பு மீண்டும் பத்தாயிரத்தில் ஒன்றாகிவிடும். கணிப்பு முறையை இமைப்பொழுதும் திருத்தாமல் கிடைக்கும் இந்த நன்மையை ஆண்டுக்கணக்கான ஆராய்ச்சியும் எளிதில் தராது. சிங்கப்பூர் 2024-இல் சாங்கி விமான நிலையத்தில் கடப்பிதழ் காட்டாமல் செல்லும் முறையைக் கொணர்ந்தபோதும் முகத்தை மட்டும் நம்பவில்லை. கருவிழியையும் சேர்த்தே பார்க்கிறது. அதிகாரிகள் அமரும் முகப்புகளையும் எடுத்துவிடவில்லை. அத்துணைப் பொருட்செலவு செய்யும் நாடே முகம் ஒன்றை நம்பாதபோது, பள்ளி வாயிலில் ஏன் நம்பவேண்டும்?

பதிவுப்படம் அடுத்தது. ஒரே படத்தை எடுத்துவிட்டு ஆறாண்டு பயன்படுத்துவது மடமை. முதலாம் ஆண்டில் பால்பற்களோடு சிரித்த முகம் ஆறாம் ஆண்டில் வேறு முகம். ஆண்டுதோறும், வாயிலில் உள்ள அதே வெளிச்சத்தில், கண்ணாடியோடும் கண்ணாடியின்றியும் பல படங்கள் எடுக்கவேண்டும். படக்கருவியைப் பிள்ளைகளின் உயரத்தில் பொருத்தவேண்டும். மேலே நிழற்கூரை வேண்டும். முகத்தின் வெளிச்சத்தைக் கொண்டே படம் எடுக்குமாறு அமைக்கவேண்டும். படத்தைக் காட்டி ஏமாற்றுவோரை அறிய, நிற்பது உயிருள்ள முகமா அச்சிட்ட தாளா என்று சோதிக்கும் வசதியும் தேவை. பூட்டுப்போன்ற வசதி அது; அது இல்லாத பொறியைக் காவல் என்று சொல்லலாகாது.

இவையனைத்தினும் இன்றியமையாதது, வாங்குமுன் இந்த வாயிலில் இந்தப் பிள்ளைகளைக் கொண்டே அளத்தல். ஆண், பெண், இளையோர், மூத்தோர், நிறம் வெளுத்தோர், கறுத்தோர், உடன்பிறந்தோர் என்று பிரித்துப் பிரித்து இரண்டு பிழைகளையும் தனித்தனியே எழுதிக் காட்டவேண்டும். இது நடவாத காரியம் என்று எவரும் மழுப்ப முடியாது. மக்கட்பிரிவுகளுக்கிடையே பொறியின் திறன் எவ்வாறு வேறுபடுகிறது என்று அளக்கும் முறையை அனைத்துலகத் தர அமைப்பு 2024-இல் தனித் தரநூலாகவே வெளியிட்டுள்ளது. சராசரியைக் காட்டித் தப்பித்துக்கொள்ளும் காலம் கழிந்தது.

"பொறிகள் விரைந்து திருந்திவருகின்றன, பழங்கதை பேசுவானேன்?" என்று வினவுவார் உளர். திருந்திவருதல் உண்மையே. பெருந்தொகுப்பில் ஆளைத் தேடும்போது தவறவிடும் பிழை 2014-இல் 4 விழுக்காடாக இருந்தது 2018-இல் 0.2 விழுக்காடாகக் குறைந்தது என்று அதே அமெரிக்கக் கழகம் அளந்து சொன்னது. 2019 அறிக்கையிலும் சில முறைகள் மக்களிடையே வேறுபாடு மிகக் குறைவாகவே காட்டின. ஆனால் உலகில் மிகச் சிறந்த பொறியின் புள்ளியை எடுத்துக்காட்டிவிட்டு, கடையில் மலிவாகக் கிடைக்கும் பொறியைத் தலையில் கட்டுவதே வணிகத்தின் வழக்கம். முதல் மாணவனின் புள்ளிப் பட்டியலைக் காட்டிக் கடைசி மாணவனுக்கு வேலை கேட்பதை யார் ஒப்புவர்? வாங்கப்படும் பொறி எதுவோ, அதன் புள்ளியே வேண்டும்.

மற்றொரு சாரார், பொறியே வேண்டா என்பர். அவர் பக்கமும் வலிய நியாயம் உண்டு. சுவீடனில் ஷெலெப்டியோ நகராட்சிப் பள்ளியொன்று 22 மாணவர்களின் வருகையை முகம் பார்த்துப் பதிய மூன்று வாரம் முயன்றதற்காக, 2019-இல் அந்நகராட்சிக்கு 2 இலட்சம் குரோனர் தண்டம் விதிக்கப்பட்டது. பிரான்சில் மார்சேய், நீஸ் நகரங்களின் இரு உயர்நிலைப்பள்ளி வாயில்களில் இத்தகைய பொறியை நிறுவும் முடிவை 2020 பிப்ரவரியில் நீதிமன்றம் நீக்கியது. நியூயார்க் மாநிலம் 2023-இல் தன் பள்ளிகளில் இதனைத் தடைசெய்தது. ஐரோப்பியத் தீர்ப்புகள் இரண்டும் சொன்ன ஒரு காரணம் ஆசிரியர் நெஞ்சில் பதியவேண்டியது. மாணவன் பள்ளியின் அதிகாரத்திற்கு உட்பட்டவன். அவன் கொடுக்கும் இசைவு மனமுவந்து கொடுத்த இசைவாகாது. தலைமையாசிரியர் நீட்டும் படிவத்தில் கையெழுத்திட மறுக்கும் துணிவு எத்தனை பெற்றோர்க்கு உண்டு? மலேசியாவின் 2010-ஆம் ஆண்டுத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2024-இல் திருத்தப்பட்டபோது, முகம் போன்ற உடல்சார் அடையாளங்களும் சிறப்பாகக் காக்கவேண்டியவற்றுள் சேர்க்கப்பட்டன. ஆயினும் அச்சட்டம் கூட்டரசையும் மாநில அரசுகளையும் கட்டுப்படுத்துவதில்லை. திருடுபோன கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ளலாம். திருடுபோன முகத்திற்கு மாற்று ஏது?

எனவே, அடுத்த முறை பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் அந்த வண்ணத்தாள் சுற்றுக்கு வரும்போது, கையெழுத்துக்கு முன் சிலவற்றை எழுத்தில் கேட்டுப் பெறவேண்டும். இந்தப் பொறி 13 வயதுக்குட்பட்ட இந்தியப் பிள்ளைகளிடத்தில் அளக்கப்பட்டதா? எத்தனை பிள்ளைகளிடத்தில்? உடன்பிறந்தாரைக் கொண்டு சோதித்தார்களா? தேர்ச்சிப் புள்ளியை மாற்றும் உரிமை யார் கையில்? படங்கள் எங்கே சேமிக்கப்படுகின்றன, பிள்ளை பள்ளியை விட்டுச் சென்றபின் எத்தனை நாளில் அழிக்கப்படும்? விரும்பாத பெற்றோரின் பிள்ளைக்கு வேறு வாயில் எது? விடை வராவிடின் காவலரே இருந்துவிட்டுப் போகட்டும். அவர் சம்பளம் பொறியின் விலையைவிட மிகுதி என்பது காரணமாகாது.

விடை வந்து, பொறியும் வந்துவிட்டால், காவலரை அனுப்பிவிடக் கூடாது. அவர் பொறியின் பக்கத்தில் நாற்காலி போட்டு அமர்ந்திருக்கவேண்டும். சிவப்பு விளக்கு எரிந்தால் பிள்ளையை அவரே பெயர் சொல்லி அழைத்து உள்ளே விட்டு, அப்பெயரை ஒரு குறிப்பேட்டில் எழுதிவைக்கவேண்டும். மாத முடிவில் தலைமையாசிரியர் அக்குறிப்பேட்டைப் புரட்டிப் பார்க்கவேண்டும். ஒரே பெயர் மூன்று முறை வந்திருந்தால், பிள்ளையை அலுவலகத்திற்கு அழைக்க வேண்டுவதில்லை. தொலைபேசியை எடுத்துப் பொறி விற்றவரை அழைக்கவேண்டும்.